நாலரை மணிக்குக் குறையும் வேகம்

பச்சைத் தேயிலையின் விலை விழுந்து, எங்கள் ஊர்த் தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓடிய ஒரு மழைக்காலத்தில் இது நடந்தது. சேரம்பாடிக்குப் போகும் சாலைக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில் எங்கள் வீடு. அப்பா அந்தத் தொழிற்சாலையில் எழுத்தர். கோவையில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த நான், கடைசிப் பருவத்தில் ஆய்வேடு மட்டுமே மீதமிருந்ததால், விடுதியைக் காலிசெய்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன்.

வேறொரு பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையுடன் கூடிய முனைவர் பட்ட இடமொன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணல் இணையவழியில், ஒரு திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு. அந்த இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அத்துடன் நின்றுவிடும். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டு இணையம் காலையில் ஓடும், மாலையில் தவழும். என் ஆய்வு வழிகாட்டியுடனான சந்திப்பும் நாலரைக்குத்தான். அவர் முகம் பாதி அசைந்து உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாக வரும். ஒரு குறிப்பேட்டில் நேரத்தையும் வேகத்தையும் எழுதத் தொடங்கினேன். காலை பத்து மணிக்கு முப்பது எம்பிபிஎஸ். பகல் ஒன்றுக்கு இருபத்தெட்டு. நாலரைக்கு இரண்டு. ஒன்பது நாள் எழுதினேன். ஒன்பது நாளும் அதே கதை.

மோடம் இருந்தது அம்மா அப்பாவின் அறையில், இரும்பு பீரோவின் மேல். கேபிள் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பகலில் போய்ப் பார்த்தால் எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். மாலையில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே, விளக்கு எரிகிறதா என்று அம்மாவிடம் கேட்பேன். "பச்சையா எரியுது கண்ணு" என்று பதில் வரும். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னேன். தங்கள் பக்கம் கோளாறில்லை என்றும், அக்கம்பக்கத்தில் யாராவது எங்கள் வைஃபையைப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும்படியும் ஒரு பெண் குரல் சொன்னது.

அந்த வாக்கியத்துக்காகவே காத்திருந்தவளைப் போல நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

என் ஜன்னலுக்குக் கீழே, சரிவில், ஒரு தட்டைப் பாறை உண்டு. கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா சில வாரங்களாக அங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவர், இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். நாலரைக்கு வருவார். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி, கையில் எதையோ பிடித்துக் குனிந்திருப்பார். குளிருக்காகச் சாத்திய கண்ணாடி ஜன்னல் வழியே, மூடுபனிக்குள் அந்த இடத்தில் ஒரு சிறு வெளிச்சம் மட்டும் தெரியும். ஐந்துக்கு முன்பு எழுந்து போய்விடுவார். அவர் வந்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதலானேன். வேகம் ஒரு பத்தி, அவர் வருகை ஒரு பத்தி. இரண்டும் அச்சு பிசகாமல் பொருந்தின.

அம்மாவிடம் சொன்னேன். "அவிங்களா? பாவம், அவிங்களுக்கு எதுக்கு கண்ணு நம்மூட்டு நெட்டு?" என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுத்ததே அம்மாவாக இருக்கலாம். யாருக்கும் தெரியாமல் அதை மாற்றினேன். அன்று மாலையும் இரண்டுதான். அப்போதும் என் எண்ணம் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர் என்றே தோன்றியது.

இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கிற வகை அல்ல. ஒரு புதன்கிழமை மதியம், வீட்டின் பின்னால் கிடந்த சில்வர் ஓக் விறகையெல்லாம் சுமந்து, அந்தப் பாறையின் மேல் அடுக்கினேன். மழைக்கு ஒரு தார்ப்பாயும் போர்த்தினேன். பார்ப்பவர்களுக்கு அது விறகு அடுக்கு, அவ்வளவுதான்.

நாலரைக்கு அவர் வந்தார். அடுக்கைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். தலையை நிமிர்த்தி என் ஜன்னலைப் பார்த்தாரோ என்று திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பிறகு அவர் சாலை வளைவுப் பக்கம் இறங்கிப் பனிக்குள் மறைந்தார். எனக்கு ஒரு வெற்றி உணர்வு வந்தது. மறைப்பதற்கில்லை. கணினியில் வேகத்தைப் பார்த்தேன். இரண்டு.

வியாழனும் அப்படியே. வெள்ளியும் அப்படியே. இப்போது அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்பதுதான் என் கவலை.

சனிக்கிழமை, பலமுறை கெஞ்சியதன் பேரில், கூடலூரிலிருந்து கேபிள்காரர் வந்தார். காலையில் வருவதாகச் சொன்னவர், வழியில் மரம் விழுந்ததால் நாலே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். பெற்றோர் அறைக்கு அவரை நானே அழைத்துப் போனேன். பீரோவின் மேல் மோடம் இல்லை. ஒயர் மட்டும் பீரோவின் கதவிடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

அவர் கதவைத் திறந்தார். மழைக்காலத்தில் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பட்டுப்புடவையில் பூஞ்சை பூத்துவிடும். அந்தப் பல்பின் வெதுவெதுப்பில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கும் அப்பாவின் கம்பளிக்கோட்டுக்கும் நடுவில், ஒரு துண்டின் மேல் எங்கள் மோடம் உட்கார்ந்திருந்தது. எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

மலையாளம் கலந்து பேசும் கேபிள்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். "எந்தா அம்மே, இது மோடமா, கோழிமுட்டையா? அடை வச்சிருக்கீங்களே."

அம்மாவுக்கு அவர் சிரித்தது பிடிக்கவில்லை. முன்பிருந்த மோடம் ஈரம் ஏறிச் செத்துப்போனதையும், இன்னொன்று வாங்கும் நிலையில் இப்போது நாங்கள் இல்லை என்பதையும் அவரிடம் விளக்கினார். நாலு மணிக்குப் பனி ஏறும்போது மோடத்தை உள்ளே எடுத்து வைத்து, காலையில் வெயில் வந்தபின் வெளியே எடுப்பாராம். கோழிக்கூண்டை மூடுவது போல அதுவும் ஒரு வேலை. அதை என்னிடம் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்னுடைய படிப்புக்காகத்தான் அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டதாக அம்மா சொன்னார். இரும்புப் பெட்டிக்குள் பூட்டினால் அலை வெளியே வராது என்று கேபிள்காரர் பொறுமையாகச் சொல்லி, மோடத்தை எடுத்து என் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். முப்பத்தொன்று.

நான் வெளியே போய்ப் பாறை மேலிருந்த விறகை இறக்கத் தொடங்கினேன். பாதி இறக்கியபோது, வளைவிலிருந்து அந்த அக்கா மேலே ஏறி வந்தார். இம்முறை ஒளிந்துகொள்ளத் திரைச்சீலை இல்லை. அவர் எங்கள் இணையத்தை எடுக்கிறார் என்று நினைத்ததையும், விறகு அடுக்கியது அதற்காகத்தான் என்பதையும் சொன்னேன். வாழ்நாளில் நான் பேசிய மிகக் கடினமான இரண்டு வாக்கியங்கள் அவை.

அவர் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். பொத்தான்கள் தேய்ந்த பழைய போன். ரப்பர் வளையம் போட்டு மூடியை இறுக்கியிருந்தார்.

"இதுலயா பாப்பா? இதுல பாம்பு வெளையாட்டுகூட ஓடாது."

வேலை நாள் குறைந்ததும் அவர் கணவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம். அங்கே நாலரைக்கு டீ குடிக்க விடுவார்கள். அப்போது கூப்பிடுவார். லைன் வீட்டில் சிக்னல் இல்லை. அந்தப் பாறையிலும் வளைவிலும் மட்டும்தான் கிடைக்கும். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் ஒரு விறகை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டே சொன்னார்.

"நேத்து வளைவுல காட்டெரும நிண்டுச்சு பாப்பா. இந்தா, அந்த மரத் தூரம். நான் மூச்சுகூட விடல்ல. அவரு போன்ல, 'ஏன் கதைக்க மாட்டேங்குற, கோவமா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மீதி விறகை இருவருமாக இறக்கினோம். அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்கும்படி மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

திங்கட்கிழமை நேர்காணலின்போது என் ஜன்னல் திறந்தே இருந்தது. நாலரைக்குப் பாறையிலிருந்து அவர் குரல் கேட்டது. நேர்காணல் செய்த பேராசிரியர்களில் ஒருவர், யாரோ பேசுகிறார்களே என்றார். பக்கத்து வீட்டு அக்கா, வீட்டுக்காரரிடம் பேசுகிறார், ஐந்து மணிக்குள் முடிந்துவிடும் என்றேன். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. இன்று பழைய ஏடுகளை ஒப்பிட்டுக் குறிப்பெடுப்பதே என் வேலை. ஆதாரங்கள் எல்லாம் பிசகாமல் ஒரே பக்கம் கைகாட்டும்போதெல்லாம் எழுதுகோலை மூடி வைத்துவிட்டு, இறங்கிப் போய் அந்தக் கையில் இருப்பது என்னவென்று பார்த்தேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.