ஹீற்றருக்கு மேல் ஒரு தட்டு

மதி போய்விட்டாள் என்று குரோய்டனிலிருந்து போன் வந்தபோது என் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "நான் அப்பவே சொன்னனான்." இரவு பகலாகக் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் உடம்பு தாங்காது என்று சொன்னவன் நான். உலகம் முழுக்கப் பேர் எடுப்பாள் என்று சொன்னவனும் நான்தான். எல்லாம் பலித்தது. பலித்ததைச் சொல்லுகிற நேரமா அது? என் மனைவி பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. போனது அவளுடைய அக்காவின் மகள்.

மதியை அறிந்தவர்களுக்கு அவள் வேலை தெரியும். வீடியோ கேம் செய்தாள். ஆனால் ஓட்டமும் துப்பாக்கிச் சூடும் இல்லாத கேம். நாட்டிலிருந்து வந்த புதிதில் நாங்கள் ஆறு இளைஞர்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அந்த இரண்டு அறைகளையும் அப்படியே கட்டியிருந்தாள். உள்ளே மனிதர் எவரும் இல்லை. நாம்தான் நடந்து திரிந்து பார்க்க வேண்டும்.

"எங்கை பிள்ளை ஆக்கள்?" என்று முதல்முறை விளையாடியபோது கேட்டேன்.

"வேலைக்குப் போட்டினம் சித்தப்பா. சாமான்களைப் பாருங்கோ, ஆக்கள் தெரிவினம்."

"சுட ஒருத்தனும் இல்லையோ?"

"சுவரோடை முட்டிக்கொண்டு நிக்கிறியள். முதல்லை திரும்புங்கோ."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அந்தக் கேமில் முக்கால்வாசி என் மூளை. விம்பிள்டன் கோயிலில் ஐயர் உட்பட எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். மெத்தை ஒன்று, ஆள் இரண்டு என்று அவளுக்குச் சொன்னது நானே. எங்கள் ஆறு பேரில் இரவு வேலை செய்யும் ராசன் பகலில் படுப்பான். பகல் வேலைக்காரனான நான் இரவில். அவள் ஒரேயொரு தலையணையை வைத்து, இரண்டு பக்கமும் வேறு வேறு எண்ணெய்க் கறை போட்டிருந்தாள். திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கம் என்னுடையது என்று உடனே தெரிந்தது. எனக்கே!

"ஆக்கள் கதைக்கேக்கை கூட்டிக் குறைச்சுத்தான் சொல்லுவினம் சித்தப்பா. ஆளில்லாத அறைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள்.

விளையாடுகிறவர்கள் நின்று அழுவது ஒரு தட்டுக்கு முன்னால். அறையைச் சூடாக்கும் ஹீற்றருக்கு மேலே, மூடி போட்டு, துவாயால் சுற்றி வைத்த சாப்பாடு. விடிய வேலைக்குப் போகுமுன் ராசனுக்கு நான் அப்படித்தான் தினமும் வைத்தேன். மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். கேம் முடியும்போது நன்றி என்று என் பெயர் வரும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மதி கேட்டாள்: "அந்தச் சாப்பாடு உண்மைதானே சித்தப்பா?"

"ஓம், சத்தியமா."

"அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று சிரித்தாள்.

செத்தவீட்டில் ராசன் என் தோளில் கை வைத்தான். "பிள்ளை ஒண்டையும் விடேல்லையடா. ஹீற்றருக்கு மேலை வைச்ச சாப்பாடு கூட இருக்கு." வேறொன்றும் அவன் சொல்லவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, சாமான்களில் ஆட்களைக் காணும் அந்தப் பார்வைதான். எவர் வீட்டுக்குப் போனாலும், ஆட்கள் வருமுன் அவர்களுடைய செருப்பையும் கதிரையையும் பார்க்கிறேன். நேற்று அந்த அறைகளுக்குள் திரும்பப் போனேன். இந்த முறை சுவரில் முட்டவில்லை. நேரே ஹீற்றரடிக்குப் போய் மூடியைத் திறந்தேன். ஆவி பறந்தது.

அவள் கட்டிய அறையில் பொய் சொல்லும் சாமான் அது ஒன்றுதான். அந்தச் சாப்பாட்டை நான் வைக்கவில்லை. பின்னேரம் வேலைக்குப் போகுமுன் ராசன் எனக்கு வைத்தது. அவனுக்கு நான் வைத்துவிட்டுப் போனது, கழுவாத தட்டு.