வெள்ளை மணலும் ஒரு லாரிக்காரனும்

எங்கள் தீவில் முதன்முதலில் செப்டிக் டேங்க் லாரி ஓட்டியவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். நாற்றம் பிடித்த தொழில், பெண் தரமாட்டோம் என்றவர்கள் கண்ணெதிரே மாடி வீடு கட்டினேன். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தேன். ஒரு லாரியை மூன்றாக்கினேன். இதெல்லாம் ஊர் அறிந்தது. நான் செய்ததிலேயே பெரியதுதான் ஊருக்குத் தெரியாது.

லாட்ஜ்களின் மூத்திரத் தொட்டியை உறிஞ்சும்போது குழாய்க்குள் வெள்ளையாகக் கல் கட்டும். உவர்த் தண்ணீர் ஊற்றிக் கழுவும் லாட்ஜ்களில்தான் அதிகம். டிரைவர்கள் திட்டிக்கொண்டே சுத்தியலால் தட்டிக் கொட்டுவார்கள். கொட்டிய இடத்தில் புல் கறுகறுவென்று தழைத்ததை நான் ஒருவன்தான் கவனித்தேன். உப்புத்தான் கல்லைக் கட்டுகிறது என்று பட்டது. திருப்பாலைக்குடி உப்பளத்தில், உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை டிரம்மில் கொண்டுவந்தேன். நாள்பட்ட மூத்திரத்தில் ஊற்றிக் கலக்கினேன். மறுநாள் அடியில் வெள்ளை மணல் படிந்திருந்தது. கழுவிக் காயவைத்து மச்சானின் மிளகாய்க் காட்டில் போட்டேன். அந்த வருடம் அவர் செடியைத்தான் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேள்விப்பட்டு எஞ்சினியர்கள் வந்தார்கள். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது, கப்பலில் வரும் உரத்தில் உள்ள அதே சத்து என்றார்கள். தேவிபட்டினம் பக்கம் கொட்டகை போட்டு மிஷின் வைத்தார்கள். கலவைக் கணக்கு என்னுடையது. ஆனால் சோதனைக்கு விவசாயிகளிடம் கொடுத்த மூட்டையில் மூத்திரத்தைச் சொல்லாமல் ‘கடல் சத்து உரம்’ என்று அச்சடித்தார்கள்.

திறப்பு விழா மேடையில் எனக்கு நாற்காலி இல்லை. பெரிய எஞ்சினியரிடம் கேட்டேன்.

“அய்யா, நீங்க மேடை ஏறுனா உங்க லாரியும் ஏறுன மாதிரி. எதுல எடுத்ததுன்னு தெரிஞ்சா ஒரு மூடை போகாது. கொஞ்சம் பொறுங்க.”

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பக்கம் முதல் பறிப்பு மிளகாய்ப்பழம் அய்யனாருக்குப் போகும். இது தெரிந்தால் யார் கொண்டுபோய்ப் படைப்பார்கள்?

பின்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மிளகாய் விவசாயி.

“என்னண்ணே, லாரிக்கு இங்கன என்ன சோலி? மேடையில யாருக்கும் வயிறு சரியில்லையா?”

சுற்றிலும் சிரித்தார்கள்.

“சிரிப்பு கெடக்கட்டும்ணே. இந்த உரம் இருக்கே, தங்கம்! அய்யனாருக்கே இந்த வருசம் கூடை நெறையப் பழம் வச்சேன்.”

நெஞ்சு பூரித்தது. என்னுடையது என்று சொல்ல வழியில்லை. “சாப்பாடு போடுறாகன்னாக, வந்தேன்ப்பா” என்றேன்.

பொறுத்துப் பார்த்தேன். எஞ்சினியர் இப்போது போனையே எடுப்பதில்லை. நான் யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் என் உரம்தான் விலைபோகாது. சொல்லாவிட்டால் நானே இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். அய்யனாருக்குப் படைத்தும் ஆயிற்று; அவர் கோபித்ததாகத் தெரியவில்லை. ஆகவே மூட்டை அச்சடிக்கிறவர்களே, அதன் ஓரத்தில், பொடி எழுத்திலாவது போடுங்கள்: இந்த மணலை முதலில் படியவைத்தவன் ஒரு லாரிக்காரன். கீழே என் பெயரையும் போடுங்கள்.