அரிசியில் தேடிய பல்

போன வருடம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சிமெண்ட் மூட்டை தூக்கி, பிறகு சிமெண்ட் கடையே வைத்து, எங்கள் தெருவில் முதல் மாடி வீடு கட்டியவன். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லை.

எட்டு வயதுப் பேத்தி சைக்கிளோடு வாசற்படியில் விழுந்தாள். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. வாயெல்லாம் ரத்தம். விழுந்த பல்லைக் கூரைமேல் போட்டால் நல்ல பல் முளைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். எடுத்து மொட்டை மாடிக்கு வீசினேன்.

"அழுவாதடி, வேற மொளைக்கும்."

"போ தாத்தா! அது ஒருவாட்டி வுழுந்து மொளைச்ச பல்லு!"

மருமகள் தலையில் கைவைத்தாள். "இன்னா மாமா பண்ணிட்டீங்க! இனிமே அந்த எடத்துல மொளைக்கவே மொளைக்காதே!"

மகன் விழுப்புரம் பல் டாக்டருக்குப் போன் போட்டான். வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு உடனே கொண்டுவரச் சொன்னார். மாடியிலோ, மாவுக்காகக் கழுவிய அரிசி ஒரு புடவை நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் முட்டி போட்டுத் துழாவினேன். பிடி பிடியாக அரிசியை அள்ளி விரித்துப் பார்த்தேன். கடைசியில் ஓர் ஓரத்தில் கிடைத்தது.

டாக்டர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டினார். "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. ஆனா நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க" என்றார்.

அதன் பிறகு கஞ்சி, கேப்பைக்கூழ் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் கம்பியைப் பார்த்து, "ரயில்வே கேட்டு வருதுடி, வழி வுடு!" என்று கத்தினார்களாம். காலையானால் வயிற்றுவலி என்பாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண், தலையாட்டியே பதில் சொன்னாள். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும்.

கம்பியை எடுத்தாகிவிட்டது. பல் நின்றுவிட்டது; லேசாக நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைக்கூட அதே பல்லால் உடைக்கிறாள். ஆனால் சிரிக்கும்போது மட்டும் அந்தக் கை இன்னும் வாய்க்குப் போகிறது. எவ்வளவோ சாதித்த எனக்கு, அந்தக் கையைக் கீழே இறக்கும் வழி மட்டும் இன்றுவரை தெரியவில்லை.