டப்பா அக்காவுக்கு வந்த வாழ்த்துகள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவளை ‘டப்பா அக்கா’ என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தே காலம் தள்ளியவள். பெட்டியைப் படம் பிடித்துச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. அக்காவின் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்தாம், பூங்கொத்து!

வீட்டுக்காரர் ஓட்டும் வாடகை வண்டி வீட்டு வாடகைக்கே சரியாகப் போகும். மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் மறுபடியும் வேலை தேட வேண்டும். வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் கூடுகிற இணையதளம் ஒன்றில் அவளுக்கு எப்போதோ தொடங்கிய பக்கம் இருந்தது. கணினி அலுவலகத்தில் இருக்கும் கொழுந்தன் அதைத் தூசு தட்டிக் கொடுத்தான்.

“அண்ணி, பழைய கம்பெனி பேர மட்டும் எடுத்துடாதீங்க. வேலைல இருக்கிறவங்களத்தான் இது முன்னாடி காட்டும். வேலை இல்லன்னு போட்டா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது.”

“பொய் இல்லையாப்பா?”

“எல்லாரும் பண்றதுதான் அண்ணி. வேலை கிடைச்சதும் மாத்திக்கலாம்.”

விட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. காலையில் தேநீர் ஆறுவதற்குள் ஈரம், பசை, அடுக்குகிற முறை என்று பெட்டியைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுவாள். முகம் தெரியாதவர்கள் ‘மேடம்’ என்று அழைத்துச் சந்தேகம் கேட்டார்கள். திடீரென்று ஒருநாள் தளத்தின் முகமே மாறிப்போனது. இனி வீடியோவுக்குத்தான் முன்வரிசை, எழுத்தெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. அக்காவின் பக்கம் ஈ ஓட்டியது. ஒரு மனுஷி பழகி முடிப்பதற்குள் மாற்றிவிடுகிறார்களே, அப்படி என்ன தலைபோகிற அவசரமோ!

சரி, நாமும் ஆடித்தான் பார்ப்போம் என்று மகளிடம் கைபேசியைக் கொடுத்து, ஒரு பெட்டியோடு சுவரோரம் நின்றாள். வாயைத் திறந்தால் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. மகள் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள், பிறகு குளியலறைக்குப் போய் அழுதாள். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் அந்த வீட்டிலேயே இருக்கிறவர்கள்.

கடைசியில் கால் தேய அலைந்ததில்தான் ஒரு கதவு திறந்தது. மருந்துப் புட்டிகளுக்குப் பெட்டி செய்யும் சின்ன நிறுவனம். ஆள் எடுக்கும் பெண்ணிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. இயந்திரம் வந்தது, வேலை போனது, எல்லாவற்றையும் சொன்னாள்.

“திங்கக்கிழமை கூப்பிடுறேன் மேடம். கவலப்படாதீங்க, கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்” என்றாள் அந்தப் பெண். அன்றைக்கு வீட்டுக்காரர் சவாரியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தளம் இன்னொரு புதுமையைக் கொண்டுவந்தது. யாருக்கு வேலையில் ஆண்டு நிறைகிறதோ, அதை அவர்களைக் கேட்காமலே ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுவிடும். ஒரு தட்டுத் தட்டினால் வாழ்த்துப் போய்ச் சேரும். ‘ஒரே நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள்! வாழ்த்துங்கள்!’ என்று அக்காவின் படத்தோடு வந்தது. அடேயப்பா, எங்கேதான் இருந்தார்களோ இத்தனை பேரும்! எழுத்தையும் வீடியோவையும் திரும்பிப் பாராத கூட்டம் தட்டு தட்டு என்று தட்டியது. அவளை வீட்டுக்கு அனுப்பிய மேலாளரே வாழ்த்தியிருந்தார். அந்த மனுஷன் என்ன ஏதென்று படித்திருக்கவே மாட்டார்.

அவள் பதறிப்போய்க் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் வந்து எல்லாவற்றையும் அழிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை சொன்னபடியே அழைப்பு வந்தது.

“மேடம், எங்ககிட்ட வேலை போயிடுச்சுன்னு சொன்னீங்க. நேத்து பாத்தா அங்கயே இருபத்திரண்டு வருஷம்னு வாழ்த்து வாங்கிட்டிருக்கீங்க. எது நிஜம்னு மேல கேக்குறாங்க.”

“உங்ககிட்ட சொன்னதுதாம்மா நிஜம். அதுல பழசையே மாத்தாம விட்டுட்டேன்.”

“எனக்குப் புரியுது மேடம். ஆனா இது மருந்து சம்பந்தப்பட்ட வேலை. அவங்களுக்கு நம்பிக்கை வரல. மன்னிச்சுக்குங்க.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, “போனா போகுது, விடு” என்றார். அவளால் விட முடியவில்லை. உண்மையைச் சொன்ன இடத்திலேயே பொய்க்காரி ஆகிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. இந்த வயதில் இன்னொரு கதவு திறக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் மறுபடி கைபேசி அடித்தது. லேபிள் ஒட்டும் பிரிவில் முன்பு கூட வேலை பார்த்து, வேறு இடத்துக்கு மாறிப் போன பெண்.

“அக்கா! இருபத்திரண்டு வருஷமா! நேத்தே வாழ்த்து போட்டேனே, பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.”

“அக்கா... என்ன வேலைய விட்டு நிறுத்திட்டாங்கக்கா. வீட்டுல கூட இன்னும் சொல்லல. தெனமும் பையத் தூக்கிட்டு வெளிய வந்து எங்கயாவது உக்காந்திருக்கேன். உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்குமே, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. கூட்டிப் பெருக்குற வேலைன்னாலும் பரவால்ல.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடத்தான் டப்பா அக்கா வாயைத் திறந்தாள்.

“அழாத. உன் விவரத்தை அனுப்பி வை. நான் பேசிப் பாக்குறேன்” என்றாள்.

“நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான்க்கா கேட்டேன்” என்று அந்தப் பெண் விக்கி விக்கி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள்.