கானா அக்காவின் பெயர்ப்பட்டியல்

மூலை உடைந்த ஒரு நீல அட்டை. தலையில் இரும்புக் கிளிப். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக் குசினியில், எந்த நோயாளிக்கு உப்பில்லாத சாப்பாடு, யாருக்குக் கஞ்சி என்ற பட்டியலைச் செருகி வைக்கும் அட்டை அது. புதியவை வந்ததும் பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். என்னோடு வேலை செய்த, ஆபிரிக்காவின் கானா நாட்டுக்காரியான கானா அக்கா அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதால எனக்கொரு வேலை இருக்கு, தங்கச்சி" என்றார். அந்த வேலை எங்கள் இரண்டு பேரையும் மூன்று கிழமை நாயாய் அலைய வைக்கும் என்று தெரிந்திருந்தால், அட்டையை நானே குப்பையில் எறிந்திருப்பேன். நல்லவேளை, தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டது ஜெர்மன். இரண்டு பேரின் ஜெர்மனும் இலக்கணத்துக்குத் தூர நின்று கும்பிடு போடும் ஜெர்மன். இங்கே அவர் பேச்சை எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். அந்த வாய்க்கு அதுதான் பொருந்தும். நல்ல உயரம், பாத்திரங்கள் அதிரும் சிரிப்பு. தன் தாய்மொழியான ட்வியில் பாடிக்கொண்டேதான் கரண்டி பிடிப்பார். ஆனால் எட்டு வயது மகள் தொலைபேசியில் அழைத்தால் போதும், உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "பிள்ளையோட உங்கட பாஷையில கதைக்கிறேல்லையோ அக்கா?"

பாட்டு நின்றது. "பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க, வீட்டில என்ன மொழி எண்டு ஃபோர்முலாரில கேட்டவை. இங்கிலீஷ் எண்டு எழுதினன். எழுதினதுக்காக அப்பிடியே கதைச்சும் போட்டன். இப்ப நான் பாடுறது என்ர பிள்ளைக்கு வெறும் சத்தம்தான்."

எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பின்னேரம் தமிழ் வகுப்பு நடப்பதைச் சொன்னேன். பதினைந்து பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வைத்து அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தால் ட்விக்கும் வகுப்புக் கேட்கலாம் என்றேன். குப்பைக்குப் போகவிருந்த நீல அட்டையை அக்கா எடுத்தது அதன் பிறகுதான்; அடுத்த நாளே அது தெருவுக்கு வந்துவிட்டது.

கானாக்காரர்கள் வீடு வீடாகப் போனோம். எல்லோரும் அன்பாக வரவேற்றார்கள், வயிறு வெடிக்கச் சோறு போட்டார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. "எங்கட மொழி இங்கிலீஷ்" என்றார்கள், அதையும் ட்வியில்! அவர்கள் நாட்டில் பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர், கோர்ட் எல்லாம் ஆங்கிலம். இங்கே ட்வி என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் இறக்கிவிடுவார்கள் என்று பயம். சிரிக்க எனக்கு என்ன தகுதி? நாங்களும் கலியாண அழைப்பிதழை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, மண்டபத்தில் மைக்கைப் பிடித்துத் தமிழ் வாழ்க என்று முழங்குகிற ஆட்கள்தானே.

விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். ஞாயிறு காலை பட்டியலில் இருந்தது நான்கு பெயர்கள். "கோயிலுக்கு வா" என்றார் அக்கா. வாடகை மண்டபத்தில் நடக்கும் அவர்களுடைய ஆராதனைக்கு, நெற்றியில் பொட்டோடு போய் இருந்தேன். பக்கத்தில் அக்காவின் மகள். போதகர் அறிவித்தலை ஆங்கிலத்தில் வாசித்தார்; பாதிப் பேர் நெளிந்தார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு "ஜெபிப்போம்" என்றார். அவ்வளவுதான்! மண்டபம் முழுவதும் எழுந்து ட்வியில் கத்தியது. அழுதார்கள், கை தட்டினார்கள், கடவுளோடு வழக்குப் பேசினார்கள். ஒருவர்கூட ஆங்கிலத்தில் ஜெபிக்கவில்லை.

ஜெபம் முடிந்த கையோடு அக்கா மைக்கைப் பிடித்துவிட்டார். நீல அட்டையை உயர்த்திக் காட்டி ட்வியில் பொரிந்தார். மகள் என் கையை இழுத்து, ஜெர்மனில் கேட்டாள்: "அம்மா என்ன சொல்லுறா?"

அம்மா பேசுவதன் அர்த்தத்தை அந்தப் பிள்ளை என்னிடம் கேட்கிறது! முன் வரிசையில் இருந்த லொறிச் சாரதி ஒருவர் திரும்பி, மெதுவாக ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

"கடவுளோட இங்கிலீஷில கதைச்ச ஆக்கள் கை உயர்த்துங்கோ எண்டு கேக்கிறா." ஒரு கையும் எழவில்லை. மண்டபம் சிரித்தது. "பிறகு, தன்ர பள்ளிக்கூடக் கதை சொல்லுறா. தான் வகுப்பு மொனிட்டராம். ட்வியில கதைக்கிற பிள்ளையளின்ர பேரைப் பட்டியல் எழுதி ரீச்சரிட்டைக் குடுக்கிறது தன்ர வேலையாம். பேர் வந்த ஆக்களுக்குப் பிரம்படி. ஒருநாளும் ஒரு பேரைக்கூடத் தான் விட்டதில்லையாம். அதில ஒராள் இண்டைக்கு இங்க…"

சாரதி அதற்கு மேல் மொழிபெயர்க்கவில்லை. முன்னால் திரும்பிக் குனிந்துகொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு அட்டையை மேசையில் வைத்தார். முதலில் ஒரு தாய் எழுந்து போனாள். பிறகு தேர் வடத்துக்குப் போவதுபோல் முண்டியடித்தார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது, பத்து, பதின்மூன்று, பதினான்கு. வரிசை முடிந்துவிட்டது. இன்னும் ஒரேயொரு பிள்ளை!

சாரதி எழுந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அவருடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா பேனையை நீட்டினார். எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, சாரதி ஜெர்மனில் சொன்னார்:

"அண்டைக்கு என்ர பேரை நீ எழுதினனீ. இண்டைக்கு என்ர மகன்ர பேரை நானே எழுதுறன்."

அக்கா போட்ட கூச்சல் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். நானும் சும்மா நிற்கவில்லை. பொட்டுக் கலைய, சேலைத் தலைப்பு விழ, அவர்களோடு சேர்ந்து ஆடினேன். என் வாழ்நாளில் அப்படி ஆடியது அன்றைக்குத்தான்.

இப்போது நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மகனைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனேன். பக்கத்து அறையில் ட்வி வகுப்பு. ஆசிரியையின் மேசையில் அதே நீல அட்டை, வரவுப் பட்டியலோடு. அதன் முன்னால் அக்காவின் மகள் காலைத் தரையில் உதைத்து, ட்வியில் கத்திக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நின்று, சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுறாள் அக்கா?" இந்த முறை கேட்டது நான்.

"ரீச்சர் மறந்துபோனா. தன்ர பேரை ஏன் எழுதேல்லை எண்டு சண்டை பிடிக்கிறாள்."