சுட்டது என்றார் அப்பா

ஒரு அரையாண்டு விடுமுறையில் நான் எங்கள் அப்பாவின் வலது காலோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது தெரியாது. காலுக்குத் தெரியும் என்று நம்பினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம் மாசியில் அப்பா மிளகு பறிக்கும்போது விழுந்திருந்தார். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரங்களில்தான் ஏற்றிவிட்டிருப்பார்கள். ஒற்றை மூங்கிலில் கணுவையே படியாக விட்ட ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஏணி வழுக்கிவிட்டது. நடுமுதுகில் எலும்பு உடைந்து, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிப்போயிற்று. சேலத்தில் இரண்டு மாதம் வைத்திருந்து, தொப்புளுக்குக் கீழே இனி அசைவும் வராது, உணர்ச்சியும் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். தொப்புளுக்கு மேலே அப்பா பழைய அப்பாதான். கயிறு திரிப்பார், தலை சீவிக்கொள்வார், ரிமோட்டை யாருக்கும் தரமாட்டார்.

முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாகக் கட்டிலடியில் ஒரு கடையே வைக்கலாம் போல் இருந்தது. பிறகு வந்தவர்கள் குறைந்தார்கள், வந்தாலும் வாசலில் நின்றபடியே விசாரித்தார்கள், அப்புறம் அதுவும் நின்றுபோனது. எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் வீடு ஊருக்குச் சற்றுத் தள்ளி ஓடைக்கு இந்தப் பக்கம். அம்மா காலை ஏழு மணிக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனால் திரும்ப நாலு, நாலரை ஆகும். அதுவரை நானும் அப்பாவும் பனிமூட்டமும்தான். பேசக் கொஞ்ச நேரத்துக்குத்தான் விஷயம் இருக்கும். அதன்பின் அப்பா டிவியைப் பார்ப்பார், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

கடிகாரம் பார்ப்பது என் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். உத்தரத்தில் கட்டிய கயிற்றை அவர் பிடித்து எக்குவார், நான் இடுப்பைத் தள்ளுவேன். மூத்திரப் பை நிறைந்தால் வெளியே கொண்டுபோய் ஊற்றுவேன். இதற்கெல்லாம் நான் கூச்சப்படவில்லை. அப்பாதான் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அம்மா கிளம்பும்போது தினமும் ஒரே எச்சரிக்கை. “கால்மாட்டுல சூடா எதையும் வெக்காத சாமி. அப்பனுக்குத் தெரியாது, வெந்து போயிரும்.”

விடுமுறையின் முதல் நாள் நான் அப்பாவுக்குக் கால் நகம் வெட்டினேன். நகவெட்டியின் முனை தெரியாமல் உள்ளங்காலில் உரசியது. சட்டென்று பெருவிரல் நிமிர்ந்தது, முழங்கால் மடங்கியது, கால் போர்வைக்குள் இழுத்துக்கொண்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியில் யாரோ கத்தரிக்காய் வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. கொல்லிமலை எண்ணெய், சேர்வராயன் கோயில் வேண்டுதல் என்று எல்லாம் செய்து ஓய்ந்துவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் காலைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவிடமும் சொல்லவில்லை. காலுக்கு உயிர் வந்துவிட்டது, அப்பாவுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நன்றாகத் தேறிய பிறகு சொல்லி அவரை அதிர வைக்க வேண்டும். அன்றிலிருந்து துடைப்பத்தில் ஒரு குச்சி உருவி வைத்துக்கொண்டு, அவர் கண்ணயரும்போதெல்லாம் உள்ளங்காலில் கோடு இழுப்பேன். கால் பதில் சொல்லும். அந்த வீட்டில் நான் கேட்டால் உடனே பதில் சொன்னது அது ஒன்றுதான்.

நாலு நாள் குச்சியோடு ஓடியது. ஐந்தாம் நாள் எனக்குப் பேராசை வந்தது. குச்சிக்கே இவ்வளவு என்றால் சூட்டுக்கு எவ்வளவு துள்ளும்! மத்தியானமே இருட்டிக்கொண்டு தூறல் விழுந்த நாள் அது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை அள்ளிக் கணப்புச் சட்டியில் போட்டு, முக்காலியில் வைத்துக் கட்டிலின் கால்மாட்டுக்குத் தள்ளினேன். கம்பளியை விலக்கினேன். சூடு பட்டதும் கால் விலுக்கென்று இழுத்துக்கொண்டது. இதுவரை அப்படி இழுத்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நாலு கங்கு கொண்டுவர அடுக்களைக்கு ஓடினேன்.

மடங்கிய கால் தானாகவே மெல்ல நீளும் என்பதை அந்த நாலு நாளில் எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். ஆனாலும் அந்த நேரத்தில் அது புத்திக்கு எட்டவில்லை.

“என்ன கண்ணு, கம்பளி கருகற வாசம் வருது?” என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். நான் வந்து பார்த்தபோது குதிகால் சட்டியின் விளிம்பில் சாய்ந்திருந்தது. கம்பளியின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. சட்டியை இழுத்துத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தேன். அப்பா எக்கி எக்கிப் பார்த்தார், அவருக்குத் தன் குதிகால் தெரியவில்லை. “நொம்ப பட்டிருக்குதா?” என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. “கூறு கெட்டவளே, எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?” என்று விறகுக் கட்டையை ஓங்கினாள். அம்மா அதுவரை என்னைக் கட்டையால் அடித்ததில்லை. அன்று அடித்திருப்பாள்.

“அவள அடிக்காத,” என்றார் அப்பா. “குளுருதுன்னு நாந்தான் கிட்ட வெக்கச் சொன்னேன். சுருக்குன்னு சுட்டுச்சு. சொன்னதும் எடுத்துட்டா.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. “சுட்டுச்சுங்களா?”

“உம்.”

“நெசமாலுமே தெரிஞ்சுதுங்களா?”

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். “தெரிஞ்சுது,” என்றார்.

அம்மா கட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. காலின் சேதி கடைசியில் அப்பாவுக்கும் எட்டிவிட்டது. கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காயம் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லிச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடித்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “சுட்டுச்சுன்னாரே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். தொடையில், முட்டியில், பாதத்தில். ஒவ்வொன்றுக்கும் “தெரியுதா?” என்றார்.

“தெரியலைங்க,” என்றார் அப்பா. ஒவ்வொன்றுக்கும் அதையேதான் சொன்னார்.

“ஏனுங்க, நேத்து சுட்டுச்சுன்னு சொன்னீங்களே?” என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அப்படித் தோணுச்சு. நொம்ப நாளா படுத்தே கெடக்கறன்ல.”

என்னால் பொறுக்க முடியவில்லை. நடுவில் புகுந்து என் நகத்தால் அப்பாவின் நல்ல காலில், அதாவது சுடாத காலில், ஒரு கோடு இழுத்தேன். அதுவும் துள்ளியது. “பாருங்க!” என்று கத்தினேன். “அது தானா இழுக்குது பாப்பா,” என்றார் டாக்டர் தன்மையாகத்தான். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அப்பாவை அதைவிடப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் அவர் பொய் சொல்லிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால் தேறிவிட்டது என்றால் மறுபடியும் ஏணியில் ஏற வேண்டி வரும் என்று பயந்துகொண்டு, தெரிந்ததைத் தெரியவில்லை என்கிறார். இப்படிப்பட்ட ஆளுக்காகவா தினமும் குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்!

மிச்சமிருந்த விடுமுறையில் நான் அப்பாவோடு பேசவில்லை. நேரத்துக்குப் புரட்டினேன், பையைக் காலி செய்தேன், சோறு வைத்தேன். மற்ற நேரமெல்லாம் வெளியே காப்பிக்கொட்டை காயும் களத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து “கண்ணு” என்று கூப்பிடுவார். காதில் விழாத மாதிரி இருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து டிவிச் சத்தம் கேட்கும்.

இப்போது நான் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. போன மாதம் சாப்பாட்டு நேரத்தில், ஒருவருடைய முதுகு ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியனிடம், உணர்ச்சியில்லாத கால் எப்படி இழுக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“கால்ல பட்ட சூடு தண்டுவடத்துக்குப் போகுங்க. கால இழுக்க அதுவே போதும், மூளைய அது கேக்காது. ஆனா சுடுதுன்னு ஆளுக்குத் தெரியணும்னா சேதி மூளை வரைக்கும் ஏறணும். நடுவுல நசுங்கிட்டா ஏறாது. கீழ கால் தன்பாட்டுக்கு இழுத்துட்டுக் கெடக்கும். மேல ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் தயிர் சாதத்தைப் பிசைந்தார்.

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைத்தது சரிதான். ஆனால் அந்தப் பொய்யை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. அம்மா ஓங்கிய கட்டைக்கு முன்னால் எனக்காகச் சொன்னார். நான் பேசாமல் இருந்த அத்தனை நாளில் அவர் என்னை ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், டாக்டரிடம் ஏன் பொய் சொன்னீங்க என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேன், தனக்குச் சுடவே இல்லை என்பதை அவர் என்னிடம் சொல்ல வேண்டி வந்திருக்கும்.