அவளுக்குப் பட்டு, எனக்குக் கைப்பட்டி

அவளை அந்தத் தையற்கூடத்துக்குக் கூட்டிப் போனதே நான்தான். நாங்கள் வந்து குடியேறிய மோர்டனில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அக்கா அக்கா என்று பின்னாலேயே திரிவாள். படங்களுக்கும் நாடகங்களுக்கும் உடுப்புத் தைக்கிற இடம் அது. இரண்டே வருடத்தில் அங்கே எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அவளைத் தவிர.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. நாஜிகளின் காலத்தில் ஜெர்மனியில் இரும்பு ஆலைகள் வைத்திருந்த ஒரு பெரிய பணக்காரக் குடும்பத்தின் கதை. வீட்டுத் தலைவி விருந்துக்கு உடுத்தும், தரைவரை நீண்ட பச்சைப் பட்டுச் சட்டை அவளுக்கு. நாஜிக்காரர் தங்கள் சின்னத்தோடு புயத்தில் கட்டும் சிவப்புக் கைப்பட்டிகள் எனக்கு, பெட்டி பெட்டியாக. தினமும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். எதிர் மேசையில் அவள் பட்டை மடியில் போட்டுக்கொண்டு ஊசியை ஓட்டுவாள். இந்த வேலை முடிந்ததும் உங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்று மனேஜர் அம்மா முன்பே சொல்லியிருந்தார்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் பின்னேரம் அவள் மகளைக் கூட்டிவரப் பாடசாலைக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. மனேஜர்தான். நடிகைக்கு இடுப்புக் கொஞ்சம் பருத்துவிட்டதாம், காலைக்குள் இரண்டு விரல் அகலம் தளர்த்தச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். அவள் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை.

அடுத்த நாள் சட்டை இறுகியது. பிரித்துத் தைக்க நேரமில்லாமல் அப்படியே கொக்கியை மாட்டிவிட்டார்கள். நடிகையால் குனிய முடியவில்லை, மூச்சை நன்றாக இழுக்கவும் முடியவில்லை. இயக்குநருக்கு அதுவே பிடித்துப் போயிற்று. அந்த வீட்டில் வாழ்ந்தவள் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தலைகால் புரியாமல் புகழ்ந்தாராம். என் வயிற்றெரிச்சலே அவளுக்கு நிரந்தர வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டது. நானோ அவர்கள் கூப்பிடுகிற நாட்களில் மட்டும் போய் வந்தேன்.

படம் தியேட்டருக்கு வந்தபோது அவளே டிக்கெட் எடுத்து என்னைக் கூட்டிப் போனாள். பச்சைச் சட்டை திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. பாழாய்ப்போன அந்த இடுப்பு எவ்வளவு அழகாக இருந்தது! என் கைப்பட்டிகளை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு விருந்துக் காட்சி. தம்பிக்காரனுக்கு ஒரு போன் வருகிறது. விடிந்ததும் உன் அண்ணனைப் பிடிக்க வருகிறார்கள், இப்போதே ஓடச் சொல் என்கிறது குரல். சொல்கிறேன் என்கிறான். திரும்பி வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து சூப் குடிக்கிறான். ஆலைத் தலைவராக அண்ணன் உட்கார்ந்திருக்கும் கதிரை அவனுக்கு வேண்டும். நான் திரையை விட்டுத் திரும்பினேன். பக்கத்தில் அவள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒருமாதிரி வாயைத் திறந்தேன்.

"அண்டைக்கு ஒரு போன் வந்தது..."

"தெரியும் அக்கா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ எண்டு அடுத்த நாள் காலமை மனேஜர் என்னட்டைக் கேட்டவ. அக்கா சொன்னவ, நான்தான் மறந்துபோனன் எண்டு சொல்லிப்போட்டன்."

"உன்ரை வேலை போயிருந்தால்?"

"நான் அப்பிடிச் சொல்லாட்டி உங்கடை வேலையெல்லோ போயிருக்கும்."

சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தடவினாள். வெட்கமும் இருந்ததுதான். ஆனால் அங்கே நின்றபோது மனதில் முதலில் எழுந்தது வேறு. மறைப்பதையும் இவள் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாளே.